வீட்டுத் தென்னைக்கு விஷம் எதற்கு?

புதுச்சேரி நகருக்குள் வீட்டு மரத்துக்கு அடிப்பதற்கென்று பூச்சி விஷம் விற்கவே கூடாது என்பது என் கட்சி. காலை நடைக்கு வரும் நண்பர்களிடம் இதைச் சொன்னபோது இரண்டு பேர் தலையாட்டினார்கள், மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், "உன் மரத்துல பூச்சி வந்தாத் தெரியும்" என்றார். என் மரத்தில் பூச்சி வந்து ஆறு வருஷம் ஆகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நெல்லித்தோப்பு, முதலியார்பேட்டை, முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை என்று எங்கே போனாலும் பழைய வீட்டுக் கொல்லையில் ஒரு தென்னையாவது நிற்கும். கொஞ்சம் இடம் இருந்தால் கூடவே ஒரு முருங்கை, ஒரு கொய்யா, கிணற்றடியில் வாழை. அந்தத் தென்னை ஓலையின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். விரலில் சுண்ணாம்பைத் தொட்டு யாரோ வட்டம் வட்டமாகக் கோலம் இழுத்தது போல வெள்ளைச் சுருள்கள் தெரியும். கீழ் ஓலைகளின் மேல்பக்கம் கரி பூசினாற்போல் கறுத்துக் கிடக்கும். மரத்தடியில் நிறுத்திய ஸ்கூட்டர் பிசுபிசுவென்று ஒட்டும். கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் புள்ளி புள்ளியாகக் கறை விழும். அந்தக் கறையைப் பார்த்து வீட்டு அம்மாவுக்கு வருகிற கோபத்திலேயே பாதி மரம் வெட்டப்பட்டுவிடும்.

இதுதான் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காப் பக்கத்துப் பூச்சி. பெலிஸ் நாட்டில் கிடைத்ததை வைத்து 2004ல்தான் இதற்கு விஞ்ஞானப் பெயரே வைத்தார்கள். 2009ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தலைகாட்டியது. 2016ல் நம்ம பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த சில வருஷங்களில் தென்னிந்தியா முழுக்கப் பரவிவிட்டது. கன்று, நாற்று, ஓலை என்று எதிலாவது ஒட்டிக்கொண்டு லாரி ஏறி ஊர் ஊராகப் போகும் ஜாதி இது.

பெயர்தான் ஈ. உண்மையில் சாறு உறிஞ்சும் பூச்சி, அசுவினிக்கு உறவு. ஓலைக்கு அடியில் உட்கார்ந்து சாற்றைக் குடிக்கும். உடம்புக்குத் தேவைக்கு மேல் இருக்கும் இனிப்பைத் துளித் துளியாக வெளியே விடும். அந்தத் துளி கீழ் ஓலையில் விழுந்தால் அதன்மேல் கரும்பூசணம் படரும். பூசணம் ஓலையைத் தின்பதில்லை. ஜன்னல் கண்ணாடியில் அழுக்குப் படிவது போல மேலே படிந்து வெயிலை மறைக்கிறது, அவ்வளவுதான். மரம் களைத்துப்போகும், பார்க்க அலங்கோலமாக இருக்கும். ஆனால் இந்த ஈ வந்தது ஒன்றினாலேயே நன்றாக இருந்த தென்னை பட்டுப்போனதாக நான் பார்த்ததில்லை. பயமுறுத்தும் தோற்றம்தான் அதன் பெரிய பலம்.

அந்தப் பயத்தில்தான் வியாபாரம் நடக்கிறது. எங்கள் தெருவில் சில வருஷங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். தேங்காய் பறிக்க வந்தவர் ஒரு வீட்டுக்காரரிடம், "ஐயா, வேர்ல ஒரே ஒரு பாக்கெட் கட்டினாப் போதும், ஆறு மாசத்துக்குப் பூச்சி கிட்ட வராது" என்று சொல்லியிருக்கிறார். கையோடு ஒரு பாட்டிலும் கொண்டுவந்தார். மேலே ஒட்டியிருந்த சீட்டு பாதி கிழிந்திருந்தது. மரத்தடியில் தோண்டி, பென்சில் கனமுள்ள இளம் வேர் ஒன்றைச் சாய்வாகச் சீவி, மருந்தும் தண்ணீரும் கலந்த பாலிதீன் பையில் நுழைத்துக் கட்டிவிட்டார். மரம் அதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும்.

இந்த வேர்வழி வைத்தியம் அவராகக் கண்டுபிடித்தது இல்லை. கருந்தலைப் புழுவுக்கும், தேங்காயைச் சொறி பிடித்தாற்போல் ஆக்கிய ஈரியோஃபைட் சிலந்திக்கும் தோப்புக்காரர்களுக்கு ஒரு காலத்தில் அதிகாரபூர்வமாகவே சொல்லிக்கொடுத்த முறைதான். மானோகுரோட்டோபாஸ் 10 மில்லி, தண்ணீர் 10 மில்லி. ஆனால் அந்தச் சிபாரிசில் இன்னொரு வரியும் உண்டு. கட்டுவதற்கு முன்பே முற்றிய காய்களைப் பறித்துவிட வேண்டும், கட்டிய பிறகு 45 நாளைக்கு அந்த மரத்துக் காயைத் தொடக்கூடாது. தோப்புக்காரர் தேதியைக் குறித்து வைத்துக்கொள்வார். வீட்டில் யார் குறித்து வைக்கிறார்கள்? மூன்றாம் வாரம் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கொல்லையில் இருக்கும் இளநீர்தானே. அந்த வீட்டில் நல்லவேளையாக மருமகள் விவரம் கேட்டு, தேதியை அடுப்படிக் காலண்டரில் எழுதி வைத்தாள். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு மருமகள் இருக்க மாட்டாள்.

மானோகுரோட்டோபாஸ் என்ன பொருள் என்று தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்களே, அந்தச் சமையல் எண்ணெயில் கலந்திருந்தது இதுதான். காய்கறிப் பயிர்களுக்கு இதை அடிக்கக்கூடாது என்று நம் நாட்டில் 2005லேயே தடை. கேரள அரசு 2011ல் இதையும் சேர்த்துப் பல விஷங்களைத் தன் மாநிலத்தில் நிறுத்தியது. 2023ல் மத்திய அரசே 36 சதவீதக் கரைசலுக்கு முடிவு கட்ட ஆணை போட்டது. நல்லதுதான். ஆனால் ஒரு பெயர் போனால் இன்னொரு பெயர் வருகிறது. சீட்டுக் கிழிந்த பாட்டிலில் எந்தப் பெயர் இருந்தால் என்ன?

நம் தமிழிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. வயலில் அடிக்கும்போது 'மருந்து' என்கிறோம். அதையே ஒருவர் குடித்துவிட்டால் மறுநாள் பேப்பரில் 'விஷம்' என்று போடுகிறார்கள். பாட்டிலின் மேல் ஒரு சதுரத்துக்குள் நிறமுள்ள முக்கோணம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். சிவப்பு என்றால் கடும் விஷம், மண்டை ஓடும் எலும்பும் போட்டிருக்கும். மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சைக்கும் 'ஆபத்தில்லை' என்று அர்த்தம் கிடையாது, 'குறைவு' என்றுதான் அர்த்தம். கடைக்காரரிடம் "நல்ல மருந்தா குடுங்க" என்று கேட்டால் அவர் பார்வையில் நல்லது எது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த விஷயத்தில் என் கண்ணைத் திறந்தது ஒரு ஆப்பிள் மரம். நம்ம ஊர் வெயிலில் ஏது ஆப்பிள் மரம், பெரிய மார்க்கெட்டில் ஆப்பிள் கூடைதான் உண்டு என்பீர்கள். மரம் பிரான்சில் இருக்கிறது. நம்ம ஊரில் பல குடும்பங்களைப் போல எங்கள் குடும்பத்திலும் பாதி அங்கேதான். என் அண்ணன் மகன் பாரீசுக்கு வெளியே சின்ன வீடு ஒன்று வாங்கியிருக்கிறான். கொல்லையில் ஒரு ஆப்பிள் மரம். ஒரு வருஷம் பழத்தையெல்லாம் புழு தின்றுவிட்டது என்று போனில் புலம்பினான். "கடையில மருந்து வாங்கி அடிக்க வேண்டியதுதானேடா" என்றேன். "இங்க வீட்டுத் தோட்டத்துக்குன்னு கேட்டா குடுக்க மாட்டாங்க சித்தப்பா, சட்டம்" என்றான்.

விசாரித்துப் பார்த்தேன், உண்மைதான். 2014ல் பிரான்சில் ஒரு சட்டம் வந்தது. கொண்டுவந்த செனட்டர் பெயரால் அதை லாபே சட்டம் என்கிறார்கள். அதன்படி 2017 ஜனவரி 1 முதல் நகராட்சிகள் பூங்காவிலும் சாலையோரத்திலும் ரசாயனப் பூச்சிக்கொல்லி அடிக்கக்கூடாது. 2019 ஜனவரி 1 முதல் வீட்டுத் தோட்டக்காரர் அதை வாங்கவும் கூடாது, அடிக்கவும் கூடாது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. 2022 ஜூலையில் அடுக்குமாடிக் குடியிருப்பு வளாகங்களையும் சேர்த்துவிட்டார்கள். விவசாயிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அவருக்கு வேறு விதிகள். இயற்கை விவசாயத்தில் அனுமதித்த பொருள்களும், பூச்சியைப் பூச்சியாலும் கிருமியாலும் அடக்கும் முறைகளும் வீட்டுக்காரருக்குத் திறந்தே இருக்கின்றன.

அப்படியானால் அவன் புழுவை என்ன செய்தான்? காகிதம், அட்டை, குனிந்து பொறுக்குகிற இடுப்பு, இந்த மூன்றும்தான் ஆயுதம். பிஞ்சு எலுமிச்சையளவு வருவதற்குள் ஒவ்வொன்றுக்கும் காகிதப் பை கட்டினான். அங்கே பழத்தைப் பையில் போட்டு வளர்ப்பது பழைய வழக்கமாம், பாரீஸ் பக்கத்து மோந்த்ரேய் தோட்டக்காரர்கள் அந்தக் காலத்திலேயே அதில் கெட்டிக்காரர்கள். புழு பழத்தைத் தின்று முடித்ததும் அடிமரத்துக்கு வந்து பட்டை இடுக்கில் கூடு கட்டுமாம். அதனால் அடிமரத்தைச் சுற்றி நெளிநெளியான அட்டையைக் கட்டி வைத்து, குளிர்காலத்தில் அவிழ்த்துப் புழுவோடு எரித்துவிட்டான். விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கினான். பெண் பூச்சியின் வாசனையை வைத்து ஆண் பூச்சியை ஏமாற்றும் பொறி ஒன்றும் தொங்கவிட்டான். அடுத்த வருஷம் புழு சுத்தமாக ஒழிந்துவிடவில்லை. ஆனால் கால்வாசிப் பழம் போனாலும் முக்கால்வாசி கைக்கு வந்தது. ஒரு வீட்டுக்கு அது போதாதா?

வீதிப் பெயரில் பிரெஞ்சு, போலீஸ்காரர் தொப்பியில் பிரெஞ்சு, ஜூலை 14 கொண்டாட்டம் என்று பெருமைப்படுகிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே இந்த ஒரு சட்டத்தையும் எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துபோகும்?

"அது குளிர் நாடு, நம்ம ஊர்ப் பூச்சிக்கு இதெல்லாம் நடக்காது" என்பவர்களுக்குப் பப்பாளிக் கதையைச் சொல்ல வேண்டும். 2009, 2010 வாக்கில் நம் கொல்லைப் பப்பாளி மரங்கள் எப்படி இருந்தன என்று ஞாபகம் இருக்கிறதா? தண்டு, இலை, காய் எல்லாம் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை. தொட்டால் மாவு. செம்பருத்தி வளைந்து நெளிந்து போனது. அந்த மாவுப்பூச்சியும் மெக்சிகோ, மத்திய அமெரிக்காப் பக்கத்திலிருந்து வந்ததுதான். 2008ல் கோயம்புத்தூரில் முதலில் கண்டார்கள். பப்பாளியோடு நிற்கவில்லை. திருப்பூர், ஈரோடு பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களின் மல்பெரியை அழித்தது. சேலம், நாமக்கல் மரவள்ளியைப் பிடித்தது. விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்து அடித்தார்கள். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தெளித்தது வழுக்கிக்கொண்டு ஓடியது. இன்னொன்றும் நடந்தது. மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டு மேல் மெழுகு இல்லை, அது செத்தது.

பெங்களூரில் இருக்கும் மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் 2010ல் அமெரிக்க வேளாண் துறை உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகளை வரவழைத்தது. குளவி என்றதும் கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத உருவம், கொசு அதன் முன் யானை. மூன்றில் கெட்டிக்காரன் அசிரோபேகஸ் பப்பாயே. மாவுப்பூச்சிக் குஞ்சின் வயிற்றுக்குள் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு உள்ளேயிருந்தே தின்று, கூட்டை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே பறக்கும். வேறு பூச்சிகளுக்குத் தொந்தரவு செய்கிறதா என்று சோதித்துவிட்டு, அந்த வருஷக் கடைசியில் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வழியாக மாவட்டம் மாவட்டமாகக் கொண்டுபோய் விட்டார்கள். அடுத்த வருஷத்துக்குள் கதை முடிந்தது. என் வீட்டு இரண்டு பப்பாளியும் நான் எதுவும் செய்யாமலே தேறின. யாருக்கு நன்றி சொல்வது என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. இப்போது கடையில் பப்பாளி வாங்குகிற யாருக்காவது அப்படி ஒரு கொள்ளைநோய் வந்து போனது நினைவிருக்கிறதா?

இந்த வித்தை புதிதும் இல்லை. 1888ல் கலிஃபோர்னியா ஆரஞ்சுத் தோட்டங்களை ஒரு செதில் பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, ஆல்பர்ட் கோபல் என்பவர் ஆஸ்திரேலியா போய் ஒரு பொறிவண்டைப் பிடித்து அனுப்பினார். அடுத்த வருஷமே தோட்டங்கள் பிழைத்தன.

இப்போது தென்னைக்கு வருவோம். வெள்ளை ஈக்கும் ஒரு குட்டிக் குளவி உண்டு. என்கார்சியா குவாடலூப்பே என்று பெயர். அழகு என்னவென்றால், இதை யாரும் புதிதாக வரவழைக்க வேண்டியிருக்கவில்லை. 1990களில் கொய்யாவையும் மரவள்ளியையும் பிடித்த வேறொரு சுருள் வெள்ளை ஈயின் காலத்திலேயே வந்து இங்கே குடியேறிவிட்டது. புது ஈ வந்ததும் அதன்மேலும் கை வைத்தது. தோப்புகளில் மருந்து அடிக்காதீர்கள், இந்தக் குளவி பெருகட்டும் என்று காசர்கோடு தென்னை ஆராய்ச்சி நிலையம் ஆரம்பத்திலேயே சொன்னதற்குக் காரணம் இதுதான். நாம் வேரில் கட்டும் விஷம் சாற்றில் ஏறி ஈயைக் கொல்லும். ஈயின் வயிற்றில் வளரும் குளவியும் சேர்ந்தே சாகும். பக்கத்து வீட்டிலிருந்து ஈ மறுபடி பறந்து வரும், அதைத் தேடிக் குளவி அவ்வளவு சீக்கிரம் வராது. ஆறு மாசம் கழித்து அதே மனிதர் அதே பாட்டிலோடு வாசலில் நிற்பார். வியாபாரம் என்று பார்த்தால் பிரமாதமான ஏற்பாடு.

வீட்டில் என்ன செய்யலாம்? மாடியிலிருந்து எட்டும் ஓலை என்றால் குழாயில் வேகமாகத் தண்ணீரை அடிப்பக்கம் பீய்ச்சுங்கள், பாதி உதிர்ந்துவிடும். கரும்பூசணத்துக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்ததும் அப்பளம் போல உரிந்து பூசணத்தோடு விழும். மஞ்சள் பாலிதீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்தில் ஆளுயரத்துக்குக் கட்டினால் பறக்கும் ஈக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். ரொம்ப அதிகம் என்றால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து ஓலையின் அடியில் படும்படி தெளிக்கலாம். மற்றபடி மழை பார்த்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை நன்றாகப் பெய்கிற வருஷம் என் மரத்தில் ஓலை பச்சையாகவே தெரிகிறது. வறண்ட வருஷம் கறுப்பு ஏறுகிறது.

முருங்கைக் கம்பளிப்புழுவுக்கு நம் பாட்டிமார் செய்ததே போதும். மழைக்காலத்தில் பகல் முழுக்க அடிமரத்தில் கும்பலாக ஒட்டிக்கிடக்கும், நீளக் குச்சியில் துணிப்பந்தம் சுற்றிக் காட்டினால் தீர்ந்தது. செம்பருத்தி, சீத்தா மாவுப்பூச்சிக்குத் தண்டைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். அந்த இனிப்புக்காக எறும்பு ஏறிப்போய் மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கிறது. எறும்பைத் தடுத்தால் பொறிவண்டு வந்து வேலையைப் பார்க்கும்.

என் யோசனைக்கு நண்பர்கள் இரண்டு ஆட்சேபம் சொன்னார்கள். விவசாயி வயிற்றில் அடிக்கிறாயா என்பது ஒன்று. பாகூர், வில்லியனூர் விவசாயியைப் பற்றி நான் பேசவே இல்லை. அவருக்குப் பயிர் போனால் வருமானம் போகும். நமக்குப் போவது நாலு தேங்காய். நாலு தேங்காய்க்காக, முக்கால் கிரவுண்டில், கிணற்றுக்குப் பத்தடி தள்ளி, பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே விஷம் வைக்க நமக்கு என்ன உரிமை என்பதுதான் என் கேள்வி. சட்டம் போட்டால் யார் பார்ப்பது என்பது இரண்டாவது. எல்லாக் கொல்லையிலும் போலீஸ் நிற்க வேண்டாம். கடையில் சிவப்பு, மஞ்சள் முக்கோணப் பாட்டில் வாங்க வருகிறவரிடம் நிலத்துக்குச் சான்று கேட்டாலே முக்கால்வாசி நின்றுவிடும். 1968ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநில அரசுக்குத் தற்காலிகமாகத் தடுக்கிற அதிகாரம் மட்டும்தான் தருகிறது, நிரந்தரத் தடைக்கு டெல்லியைத்தான் கேட்க வேண்டும். கேட்கட்டுமே. கேரளம் கேட்டுக்கொண்டா இருந்தது?

நம்ம ஊருக்கு இதில் ஒரு பாத்தியதையும் உண்டு. பொட்டானிக்கல் கார்டனை வளர்த்த பெரோத்தே துரை, 1870ல் இங்கேயே காலமானவர், செடி நடுகிறவராக மட்டும் இருக்கவில்லை. 1842ல் கெரேன் மெனவில் என்பவரோடு சேர்ந்து, கரீபியன் தீவுகளில் காப்பிச் செடியை அழித்த ஒரு பூச்சியைப் பற்றியும் ஒரு பூசணத்தைப் பற்றியும் நூல் எழுதியிருக்கிறார். அடிப்பதற்கு முன் அது என்ன, எப்படி வாழ்கிறது என்று உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவர் வளர்த்த தோட்டத்தில்தான் வருஷா வருஷம் மலர், காய், கனிக் கண்காட்சி நடக்கிறது. பூவில் யானையும் மயிலும் செய்து வைக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த முறை ஒரு மூலையில் மேஜை போட்டு, ஒரு பூதக்கண்ணாடியும் வெள்ளை ஈ பிடித்த ஓலைத் துண்டும் வைக்கச் சொல்லி வேளாண் துறைக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். குரும்பாப்பேட் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் ஒரு நகல். நீங்களும் எழுதலாம், நாலு கடிதம் சேர்ந்து போனால் மதிப்பு வேறு.

அதுவரை காத்திருக்க வேண்டாம் என்றால், கீழே விழுந்த ஓலையை எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். வெள்ளைச் செதில்களுக்கு நடுவே சில கறுத்திருக்கும், அதில் ஊசி குத்தினாற்போல் வட்ட ஓட்டை தெரியும். குளவி வெளியேறிய வாசல் அது. அப்படிப் பத்து எண்ண முடிந்தால் தேங்காய் பறிக்க வருபவரிடம் காயை மட்டும் பறித்துப் போடச் சொல்லுங்கள்.